இடது கன்னத்துக்குச் செய்த துப்பாக்கி

கல்லக்கொம்பில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு ஆள் குறையும். திருப்பூருக்குப் போனவன், குவைத்துக்குப் போனவள், லாரியேறிப் போய் லாரியோடே குடித்தனம் நடத்துகிறவன், கோபித்துக்கொண்டு போனவள், காரணமே சொல்லாமல் போனவன் என்று மலையை விட்டு இறங்கியவர்கள் மலையில் இருக்கிறவர்களைவிட அதிகம்; அதனால்தானோ என்னவோ, எஸ்டேட்டம்மா காந்திமதியின் காப்பிக்களத்தில் ஒரு பழைய துப்பாக்கியின் மேல் கன்னத்தை வைத்துக் குறிபார்த்தால் போனவர்கள் தெரிகிறார்கள் என்ற செய்தி பரவியபோது ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. வரிசை எந்தப் பக்கம் நிற்கிறது என்றுதான் கேட்டார்கள்.

அந்தத் துப்பாக்கிக்குக் கட்டை செய்தவர் சவரிராயன். மாதா கோயில் பீடத்தில் ஓடும் திராட்சைக்கொடி அவர் செதுக்கியது, பாதிரியார் உட்காரும் நாற்காலி அவர் செய்தது, பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற தோட்டக்காரர்களின் துப்பாக்கிகளில் கட்டை பிளந்துபோனால் மாற்றிக் கொடுப்பதும் அவர்தான். இரும்பைத் தொடமாட்டார். குழலும் விசையும் திண்டுக்கல்லில் இருக்கிற ஆளுக்குப் போகும், மரம் மட்டும் இவரிடம் வரும். பேச்சு குறைவு, பிடிவாதம் நிறைய. மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் ரெஜினா வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம்.

ரெஜினா எதையும் இடது கையால் செய்கிறவள். வத்தலக்குண்டில் கல்லூரிக்குப் போனபோது என்.சி.சி.யில் சேர்ந்து, கையில் ரைஃபிளைக் கொடுத்த முதல் நாளே குறி தவறாமல் சுட்டு எல்லாரையும் அசரவைத்தாள். ஆனால் அங்கிருந்த துப்பாக்கிகள் எல்லாம் வலதுகைக்காரர்களுக்குச் செய்தவை, சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது கன்னம் கன்றிச் சிவந்திருக்கும். "கன்னத்துல இடிக்குதுப்பா" என்பாள். சவரிராயன் அவளைப் பட்டறையில் நிறுத்தி, முழங்கை மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரல் வரைக்கும் ஒரு காப்பிக்குச்சியை வைத்து அளந்து, விரல் வந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு, "உனக்குன்னு நான் ஒன்னு செஞ்சு தர்றேன், இடிக்காது" என்று சொல்லிக் குச்சியை உத்தரத்து இடுக்கில் செருகிவைத்தார். செருகியதோடு சரி. டெல்லியில் முகாம் என்று கடிதம் வந்தபோது, பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்ற பயம் அவர் வாயில் கோபமாக வந்தது. "போனா, இனிமே என் கண்ணு முன்னால வராத" என்றார். அவரைப் போலவே பிடிவாதக்காரி. போனாள், வரவில்லை. முதலில் அவளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, பிறகு அந்த எண்ணே இல்லை என்றது.

துப்பாக்கி காந்திமதியம்மாள் வீட்டுக்காரரின் தாத்தா காலத்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய ரைஃபிள். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டதுரையிடம் வாங்கியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம் வைத்து, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் மருந்தில்லாமல் அதைத் தோளில் வைத்துக் களத்தின் கோடியிலிருக்கும் சில்வர் ஓக் மரத்தைப் பாவனையாகக் குறிபார்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பல வருஷம் விட்டுப்போயிருந்து, அந்த வருஷம் பெட்டியைத் திறந்தபோது இரும்பு இருந்தது, பித்தளைத் தகடு இருந்தது, கட்டையைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. மிச்சமிருந்தது கூடத்தில் தொங்கிய புகைப்படம் ஒன்று: கோட்டுப் போட்ட தாத்தா துப்பாக்கியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கட்டையில் மிளகுக்கொடி சுற்றி ஏறுகிறது, கொடிக்கு நடுவே ஒரு இருவாட்சிப் பறவை அலகைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"இதே மாதிரி வேணும் சவரி. ஒரு இலை கூடக் குறைய வேண்டாம்" என்றார் காந்திமதியம்மாள்.

சவரிராயன் அந்தப் புகைப்படத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டினார். இடிந்துபோன காப்பிக் கொட்டகையின் கதவு நிலை நல்ல முதிர்ந்த ஈட்டி மரம், அதைக் கேட்டு வாங்கினார். இரும்பில் விளக்குக்கரியைப் பூசி மரத்தில் வைத்து அழுத்தி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவி, மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சீவி, இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தலைமுடி கூட நுழையாதபடி பொருத்தினார். கொடியை ஓடவிட்டார், இலையை விரித்தார், பறவையை உட்காரவைத்தார். கட்டையில் கன்னம் பதிகிற மேட்டைப் படத்தில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே எழுப்பினார். கட்டையின் நீளம் மட்டும் படத்தில் பிடிபடவில்லை. தாத்தாவோ செத்துப்போய்விட்டார், யார் கையை அளப்பது? யோசித்துக்கொண்டே கையை மேலே நீட்டி, உத்தரத்து இடுக்கில் தட்டுப்பட்ட ஒரு குச்சியை உருவி, அதை வைத்து அளந்து அறுத்தார். அது எந்தக் குச்சி என்று அவர் அப்போது நினைக்கவில்லை. நினைக்காமல் இருந்தாரா, நினைக்க மாட்டேன் என்று இருந்தாரா, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றி, முடித்த அன்றைக்கே அதைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். கொடுக்குமுன் வழக்கம்போல் தோளில் வைத்துப் பார்த்தார். வலது கன்னத்தில் இடித்தது. இடது பக்கம் மாற்றினார். சில்வர் ஓக் மரம் தெரிந்தது, அதில் படர்ந்த மிளகுக்கொடி தெரிந்தது, அவ்வளவுதான். "தாத்தா இடதுகைக்காரரா அம்மா?" என்று கேட்டதற்குக் காந்திமதியம்மாள், "அப்படித்தான் இருக்கணும், படம் பொய் சொல்லுமா?" என்றார்.

பூஜையன்று காலை பத்து மணி வெயிலில், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காந்திமதியம்மாள் இடது கன்னத்தை வைத்துக் குறிபார்த்தார். மரத்தடியில் அவருடைய மகன் கனடாவின் வடகோடியில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். முழங்கால் வரைக்கும் பனி, தலையில் குல்லாய், மூச்சு வெள்ளையாக வந்தது. கன்னத்தை எடுத்தால் மரம், வைத்தால் மகன். "ஏன்டா இப்படி இளைச்சுட்ட" என்று துப்பாக்கியைப் பிடித்தபடியே அழுதார். அன்று சாயங்காலம் போனில் பேசும்போது அவன், "ராத்திரி பனி தள்ளுறப்ப என்னமோ முதுகுல நம்ம ஊரு வெயில் பட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றான்.

பிறகு ஊர் வந்தது. ஊர் வந்தால் சட்டதிட்டமும் கூடவே வரும். லைசென்ஸ் காந்திமதியம்மாள் பெயரில் இருந்ததால் துப்பாக்கியை வேறொருவர் கையில் எடுக்கக் கூடாது என்று ஏட்டு பரமன் வந்து சொன்னார். இரண்டு காப்பி மூட்டைகளை அடுக்கி அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, அம்மாள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து குழலில் ஒரு கையை வைத்துக்கொண்டே இருப்பது என்றும், வருகிறவர்கள் கன்னத்தை மட்டும் வைப்பது என்றும் முடிவானது. கன்னம் வைக்க லைசென்ஸ் தேவையில்லை என்று ஏட்டே தீர்ப்புச் சொல்லி, ஆஸ்டலில் படிக்கும் தன் மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பியைப் போட்டார். மருந்து அடைக்கக் கூடாது. சுத்தியல் மாதிரி விழுந்து வெடிக்கவைக்கிற அந்தக் குதிரையைக் கழற்றி அம்மாள் முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு முன்னால், களத்தின் அந்தக் கோடியில், மனுஷர் யாரும் நிற்கக் கூடாது. ஆடு, கோழியைக்கூட விரட்டிவிட வேண்டும்.

இவையெல்லாம் வைத்த சட்டம். யாரும் வைக்காமல் தானாக வந்த வழக்கம் ஒன்று உண்டு. என்ன இருந்தாலும் பெற்ற பிள்ளையை, தாலி கட்டியவனைத் துப்பாக்கியால் குறிபார்ப்பது இல்லையா? அதனால் கன்னத்தை வைக்குமுன் ஒவ்வொருவரும் குழலைத் தொட்டுக் கும்பிட்டு, "சுடுறதுக்கு இல்ல சாமி, பாக்குறதுக்கு" என்று அவரவர் ஆளின் பேரைச் சொல்லிச் சொன்னார்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள் சந்தோஷமாகவே போனார்கள் என்று சொல்ல முடியாது. மகனுக்கு ஒரே சட்டைதான் இருக்கிறது போல என்று ஒருத்தி புலம்பினாள். தான் இல்லாத இடத்தில் புருஷன் இவ்வளவு சிரிக்கிறானே என்று இன்னொருத்தி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். ஏக்கத்துக்கு ரோஷம் கிடையாது.

அதன் பிறகுதான் வெள்ளத்தாய் விஷயம் நடந்தது. அவள் மகன் லாரி ஓட்டுகிறவன். வாராவாரம் அவனை ஸ்டீயரிங்கோடு பார்த்துவிட்டுப் போகிறவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னத்தை வைத்தாள், எடுத்தாள், துணியால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். "மரந்தான் தெரியுது" என்றாள். "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றார்கள். மறுநாள் நாக்பூரிலிருந்து சேதி வந்தது. இறந்தவர்கள் அந்த மரத்தடிக்கு வருவதில்லை என்று ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. அதற்கப்புறம் சிலர் வரிசையில் கடைசிவரை நின்று முறை வரும்போது திரும்பிப் போனார்கள்.

சவரிராயனும் அந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில்தான் நின்றார். நாக்பூர் சேதியைக் கேட்ட மாத்திரத்தில் அவருக்கு, கட்டையை முடித்த அன்று தான் பார்த்தது ஞாபகம் வந்தது: மரம், கொடி, அவ்வளவுதான். அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை, ஒருவேளை துப்பாக்கி இன்னும் பழகியிருக்காது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, கூட்டமில்லாத மத்தியானம் ஒன்றில் போய் மறுபடி வைத்துப் பார்த்தார். மரம். கொடி. காற்றுக்கு ஒரு இலை அசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காந்திமதியம்மாள், "ரெஜினா எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காம்மா" என்றார் சவரிராயன். "கொஞ்சம் உடம்பு போட்டிருக்கா."

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். ஊரார் கேட்கக் கேட்க அவர் மகளை வளர்த்தார். நீலப்புடவை கட்டியிருந்தாள் என்றார், பேருந்துக்கு நிற்கிறாள் என்றார், தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்துகிறாள் என்றார். சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எந்த ஊரில், எந்த வியாதியில், யார் மடியில் செத்தாளோ என் பிள்ளை என்று வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். தான் செய்த கட்டை ஊருக்கெல்லாம் பிள்ளைகளைக் காட்டிவிட்டுத் தனக்கு மட்டும் வெறும் மரத்தைக் காட்டுகிறதே என்று அதன் மேல் ஆத்திரம் வந்தது, கோடாலியால் பிளந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். கண் முன்னால் வராதே என்று சொன்ன நாக்கைத்தான் பிளக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

இப்படி இருக்கும்போது தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும், முடிவு வந்த பிறகுதான் திரும்பி வரும், எப்போதும் நடப்பதுதான். ஆனால் இந்தத் தடவை ஏட்டு பரமன் தலையைச் சொறிந்துகொண்டு, கூட்டம் கூடுகிற விஷயம் மேலே போய்விட்டது, திரும்பி வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சாயங்காலம் ஜீப் வரும். அன்று காலையிலிருந்து களம் கொள்ளாத கூட்டம். ஒவ்வொருவரும் கடைசித் தடவையாகக் கன்னம் வைத்துவிட்டு, கட்டையில் பதிந்த வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு நகர்ந்தார்கள். துப்பாக்கியோடு தாத்தாவும் கும்பிடு பெறட்டும் என்று அம்மாள் அந்தப் புகைப்படத்தைப் பட்டறையிலிருந்து வாங்கி, வரிசை தொடங்கிய நாளிலிருந்தே காப்பி மூட்டையில் சாய்த்து வைத்திருந்தார்.

எல்லோரும் முடித்த பிறகு, நாலு மணி சுமாருக்கு, சவரிராயன் வந்தார். மண்டியிட்டார், "சுடுறதுக்கு இல்ல ஆத்தா, பாக்குறதுக்கு" என்றார், இடது கன்னத்தை வைத்தார். நெடுநேரம் அசையவில்லை.

"என்னண்ணே, பிள்ள என்ன செய்யிது?" என்று கேட்டார் தையல்காரர் காதர் பாய். மலேசியாவில் இருக்கும் தம்பியைப் பார்க்க வாராவாரம் வருகிறவர்.

சவரிராயனுக்கு அதற்குமேல் முடியவில்லை. "யாருமே இல்ல பாய்" என்றார். "ஒருநாளும் இருந்ததில்ல. நான் சொன்னதெல்லாம் பொய்." அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் தலையைக் கட்டையில் முட்டிக்கொண்டு அழுதார். வெள்ளத்தாய் மட்டும் வந்து அவர் தோளில் கையை வைத்தாள்.

காதர் பாய் குனிந்து புகைப்படத்தை எடுத்தார். "அண்ணே, இது உங்ககிட்ட கேக்கலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசனை. வரிசையில நிக்கையிலெல்லாம் இதத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். கோட்டுல பித்தான் வச்சிருக்கிற பக்கத்தப் பாருங்க. பொம்பளைங்க உடுப்புக்குத்தான் அப்படி வரும். மேல்பை வலது நெஞ்சுல இருக்கு. எந்தத் தையக்காரனும் அங்க பை வைக்க மாட்டான். படத்தத் திருப்பிப் போட்டுக் கழுவியிருக்காங்க. தாத்தா வலதுகைக்காரருதான்."

"என்னய்யா சொல்ற?" என்று காந்திமதியம்மாள் சீறினார். "அப்ப இத்தன நாளா எங்க தாத்தாவோட துப்பாக்கி இல்லையா இது?"

"இரும்பு அவரோடதும்மா. கட்டை அவருக்கு அளவெடுத்தது இல்ல." காதர் பாய் சவரிராயன் பக்கம் திரும்பினார். "நாங்க துணியப் பாத்தா யாருக்குத் தச்சதுன்னு சொல்லிருவோம். இவ்வளவு குட்டைக் கட்டை ஆம்பளைக் கைக்கு வராது. யாரு கையண்ணே அளந்தீங்க?"

சவரிராயன் நிமிர்ந்தார். இடது கன்னத்துக்கு மேடு. காப்பிக்குச்சி. விரல் வந்த இடத்தில் கத்தியால் போட்ட வெட்டு. பதினோரு வருஷமாக உத்தரத்தில் இருந்தது, தானே உருவி, தானே அளந்து, தானே அறுத்தது. "ரெஜினா கை" என்றார்.

"அப்ப இது அவ துப்பாக்கி" என்றார் காதர் பாய், ஏதோ சட்டை யாருடையது என்று சொல்வதைப் போல. "நாமல்லாம் இரவல் வாங்கித்தான் பாக்குறோம். சொந்தக்காரி கன்னம் வைக்கிற இந்தப் பக்கந்தானே நிப்பா? குழலுக்கு முன்னால தேடினா எப்படித் தெரியும்?"

சவரிராயன் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய காப்பித்தொலியைத் தட்டிவிட்டார். களத்தில் இறங்கி, யாரும் கால் வைக்கக் கூடாத அந்தப் பக்கமாக, துப்பாக்கிக்கு நேர் எதிரே, மரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். "ஏய் சவரி, குழலுக்கு முன்னால போகாத!" என்று காந்திமதியம்மாள் கத்தினார், முந்தானை முடிச்சில் குதிரை பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. இறங்கிய ஏட்டு பரமன் நிலைமையைப் புரிந்துகொண்டு, டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.

களம் அவ்வளவு நீளம் என்று சவரிராயனுக்கு அதுவரை தெரியாது. இத்தனை அம்மாக்களும் அப்பன்களும் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த தரை அது. மரத்தடிக்குப் போய், மிளகுக்கொடியில் முதுகு பட நின்று, திரும்பினார்.

மூட்டைகளுக்குப் பின்னால் ரெஜினா மண்டியிட்டிருந்தாள். முன்வகிட்டில் நாலைந்து நரைமுடி. கழுத்தில் ஏதோ அலுவலக அட்டை தொங்கியது. இடது கன்னம் கட்டையில் பதிந்திருக்க, வலது கண்ணை மூடிக்கொண்டு, சுடுவதற்கு முன்னால் மூச்சை நிறுத்துவாளே, அதே போல் மூச்சை நிறுத்தி, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களத்தில் இருந்த வேறு யார் கண்ணுக்கும் அங்கே ஆள் இல்லை. வெறும் துப்பாக்கியும், அதன் குழலில் கை வைத்த அம்மாளும்தான்.

இருக்கிறாள். என் பிள்ளை இருக்கிறாள். சவரிராயன் மரத்தைப் பிடித்துக்கொண்டார். மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தார், எங்கே இருக்கிறாய் என்று கேட்க நினைத்தார், அவள் முகத்தை எடுத்துவிட்டால் போய்விடுவாளே என்ற பயத்தில் ஒன்றும் வரவில்லை. கண் மட்டும், தொழில் பழக்கத்தில், கன்னத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று தேடியது. இல்லை. விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தது. எட்டுகிறது. தோளில் கட்டை சரியாக உட்கார்ந்திருந்தது.

"கன்னத்துல இடிக்குதாம்மா?" என்று களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

ரெஜினா கன்னத்தை எடுக்கவில்லை. கட்டையோடு ஒட்டியபடியே உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவு தூரத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்த காந்திமதியம்மாள்தான் திடுக்கிட்டு, ஆளில்லாத பக்கத்தைத் திரும்பிப் பார்த்து, காதைத் தடவிக்கொண்டு, பிறகு எழுந்து நின்று, குழலிலிருந்து கையை எடுக்காமலே, வாயருகே மறு கையைக் குவித்து அவரைப் பார்த்துக் கூவினார்.

"இடிக்கலையாம் சவரி! இடிக்கலையாம்!"